முதன்மை வளாகத்தின் ஏ++ கிளை வளாகத்துக்கும் பொருந்துமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. பிளஸ் டூ முடித்த மகளுக்கு, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகத்தில் செயற்கை நுண்ணறிவு பி.டெக். படிப்பில் இடம் தருகிறார்கள். அந்த வளாகம் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. வேறு ஊரில் உள்ள முதன்மை வளாகத்துக்கு, உயர்கல்வி நிறுவனங்களைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் ஏ++ தரம் இருக்கிறது. "பட்டம் ஒன்றுதான், சான்றிதழில் எந்த வித்தியாசமும் இருக்காது" என்கிறார் சேர்க்கை அலுவலர். வார இறுதிக்குள் ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. என்ன செய்வது?

இன்றைக்கே பணம் கட்ட வேண்டாம். அந்த வளாகம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. முறையாக அனுமதி பெற்றதாகவே இருக்கலாம். ஆனால் உங்களிடம் இதுவரை காட்டப்பட்ட எதுவும் அதை நிறுவவில்லை. நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை நான்கு. பட்டம் வழங்கும் சட்ட அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இந்த ஊரில் வளாகம் நடத்த அவர்களுக்கு அனுமதி உண்டா? இந்தப் படிப்பை இந்த வளாகத்தில் நடத்த உரிய குழுமத்தின் ஒப்புதல் உண்டா? அந்தத் தர மதிப்பீடு இந்த வளாகத்தையும் பார்த்துத்தான் தரப்பட்டதா? இந்த நான்கையும் முடிவு செய்பவர்கள் ஒரே அலுவலகத்தில் இல்லை. ஒன்றுக்கு ஆம் என்பதால் மற்றொன்றுக்கும் ஆம் என்று ஆகிவிடாது.

பட்டம் வழங்கும் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகம், 3ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகிய மூன்றைத் தவிர வேறு யாரும் பட்டம் வழங்க முடியாது. யுஜிசி இணையதளத்தில் மத்திய, மாநில, தனியார், நிகர்நிலை எனத் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் சொல்லும் நிறுவனம் நிகர்நிலைப் பட்டியலில் இருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தக் கட்டத்தில் தோற்பவை அப்பட்டமான போலிகள் மட்டுமே.

அடுத்த இடத்தில்தான் படித்த பெற்றோரே தடுமாறுகிறார்கள். ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே நிறுவனர் என்றாலும் சட்டப்படி வெவ்வேறு பல்கலைக்கழகங்களாக இருக்க முடியும். விஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியே அதன் சென்னை வளாகம். ஆனால் அமராவதியில் உள்ள விஐடி-ஏபி ஆந்திர மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த தனிப் பல்கலைக்கழகம். போபாலில் இருப்பது மத்தியப் பிரதேசச் சட்டத்தின்கீழ் அமைந்த வேறொன்று. எஸ்ஆர்எம் பெயரிலும் இப்படித்தான்: காட்டாங்குளத்தூரில் இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகம், ஆந்திரா, ஹரியானா, சிக்கிம் மாநிலங்களில் இருப்பவை அந்தந்த மாநிலங்களின் தனியார் பல்கலைக்கழகங்கள். மணிப்பால், ஜெய்ப்பூர், சிக்கிம் என்று மணிப்பால் பெயருக்கும் இதே கதைதான். இதில் சட்டப் பிழையோ ஏமாற்றோ எதுவும் இல்லை. இவை எல்லாம் முறைப்படி அமைந்தவை. ஆனால் ஒன்றின் நாக் தரமும் தரவரிசையும் மற்றொன்றுக்குச் செல்லாது. ஆகவே சேர்க்கை அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் மகளின் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் முழுமையாக எப்படி அச்சிடப்படும்?" என்பது. அதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து யுஜிசி பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இடத்துக்கான அனுமதிதான் உங்கள் கேள்வியின் மையம். நம் நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் எல்லையோடு வருகிறது. மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்குள்தான் இயங்க முடியும். இதை உறுதிப்படுத்தியது 2005இல் உச்ச நீதிமன்றம் அளித்த யஷ்பால் வழக்குத் தீர்ப்பு. சத்தீஸ்கர் அரசு 2002ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, கட்டடமோ ஆசிரியரோ இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களைக் காகிதத்தில் உருவாக்கியது. யுஜிசியின் முன்னாள் தலைவரான பேராசிரியர் யஷ்பால் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சட்டத்தின் அந்தப் பிரிவுகள் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் வேறு மாநிலத்தில் வளாகம் திறக்க அதிகாரம் தர முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எனவே வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று, "எங்கள் சென்னை வளாகம்" அல்லது "கோவை வளாகம்" என்று சொல்லிப் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சொந்த மாநிலத்துக்குள் கிளை திறப்பதற்கும் அவர்களுக்கு விதிகள் உண்டு. யுஜிசியின் 2003ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தொடங்கி ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நிலை சற்று வேறு. மத்திய அரசின் அறிவிக்கையால் அமைவது என்பதால் அது வேறு மாநிலத்திலும் கிளை திறக்கலாம். ஆனால் தானாகத் திறக்க முடியாது. யுஜிசியின் பரிசீலனையும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி ஒரு குறிப்பிட்ட முகவரிக்குத் தரப்படுவது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டின் விதிமுறைகள்; அதற்கு முன் 2010, 2016, 2019 ஆண்டுகளிலும் விதிகள் மாறின. இப்படி மாறிக்கொண்டே வந்ததால் சில வளாகங்கள் பல ஆண்டுகள் தெளிவற்ற நிலையில் கிடந்தன. 2015இல் அனுமதியற்ற கிளை வளாகங்களை மூடும்படி யுஜிசி சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியபோது, நாடு முழுவதும் மதிக்கப்படும் பெயர்களும் அதில் இருந்தன. பெரிய பெயர் என்பதால் கோப்பு சரியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் கிளை வளாகத்தின் பெயரும் முகவரியும் உள்ள அரசு அறிவிக்கை அல்லது அனுமதிக் கடிதத்தின் நகல். தேதி, கடித எண், முகவரி ஆகிய மூன்றையும் பாருங்கள். யுஜிசி தளத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கான பகுதியில் அனுமதி பெற்ற வளாகங்களின் விவரம் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்", "கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது", "யுஜிசி விதிகளின்படியே நடத்துகிறோம்" என்ற மூன்று வாக்கியங்களும் அனுமதி இல்லை என்பதையே வேறு விதமாகச் சொல்கின்றன. பல்கலைக்கழக நிர்வாகக் கோப்புகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுமதி கையில் இருக்கும் நிறுவனம் அதைக் காட்டத் தயங்குவதே இல்லை. வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருப்பார்கள்.

இந்த எல்லையை மீறினால் தண்டனை யாருக்கு? பெரும்பாலும் மாணவருக்கு. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, உரிய முன் அனுமதி இல்லாமல் தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டங்களை வழங்கியிருந்தன. நான்குமே 3ஆம் பிரிவின்கீழ் முறையாக அறிவிக்கப்பட்டவை, போலிகள் அல்ல. ஆனாலும் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்று உத்தரவாயிற்று. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வும் பெற்றவர்கள் மீண்டும் தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். கட்டணத்தைத் திருப்பித் தரும்படி பல்கலைக்கழகங்களுக்கு உத்தரவு வந்தது. போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மாணவர்களில் ஒருவர்கூட விதிமுறையை மீறவில்லை.

இனி நாக். தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு 1994இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் பெங்களூரு. ஏ++ என்பது நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் பெற்றதைக் குறிக்கும். பொதுவாக ஐந்து ஆண்டுகள் செல்லும். நாக் பல்கலைக்கழகத்தை ஒரே நிறுவனமாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறது. அறிக்கையில் சேர்க்கப்பட்ட கிளை வளாகங்களின் தரவும் அந்த மதிப்பெண்ணுக்குள் வரும். ஆனால் மதிப்பீடு முடிந்தபின் திறந்த வளாகத்தை அந்தக் குழு பார்த்திருக்கவே முடியாது. உங்கள் விஷயத்தில் வளாகத்துக்கு வயது இரண்டு. பல்கலைக்கழகத்தின் நாக் சான்றிதழில் உள்ள தேதியைப் பாருங்கள். அது வளாகம் திறப்பதற்கு முந்தைய தேதி என்றால், அந்த ஏ++ உங்கள் மகள் படிக்கப்போகும் ஆய்வகத்தையோ நூலகத்தையோ ஆசிரியர்களையோ பற்றி எதையும் சொல்லவில்லை.

தேதி பிந்தையது என்றால் இன்னொரு ஆவணத்தைத் திறக்க வேண்டும். மதிப்பீட்டுக்காகப் பல்கலைக்கழகமே நாக் குழுவிடம் ஒப்படைக்கும் தன்னாய்வு அறிக்கை அது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், தர உறுதிப்பாட்டுப் பிரிவின் பக்கத்தில் பொதுவாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் உள்ள நிறுவன விவரப் பகுதியில் வளாகங்களின் அட்டவணை ஒன்று வரும். ஒவ்வொரு வளாகமும் முதன்மையா, கிளையா, அதன் முகவரி, எத்தனை ஏக்கர், கட்டடப் பரப்பு எவ்வளவு, என்னென்ன படிப்புகள், தொடங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பத்தியில் யுஜிசி அல்லது அமைச்சகம் அந்த வளாகத்தை அங்கீகரித்த தேதி இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பத்திதான். வளாகத்தின் பெயரே அட்டவணையில் இல்லையா, பெயர் இருந்து அந்தத் தேதி காலியாக இருக்கிறதா, தொடங்கிய தேதிக்கும் அங்கீகரித்த தேதிக்கும் இடையே நீண்ட இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரக் கையேட்டில் எழுதுவதைப்போல் இங்கே எழுத முடியாது. பொய்யான தகவல் தந்தால் மதிப்பீடே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அறிக்கையோடு, நேரில் வந்து பார்த்த குழுவின் ஆய்வறிக்கையையும் படியுங்கள். குறைகள் என்று அவர்கள் பட்டியலிட்டிருப்பதை மட்டும் படித்தாலே போதும்.

நாக் தரத்தையே வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில் சாதகமான தரம் தருவதற்காக லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே சிபிஐ கைது செய்தது. நல்ல தரம் பெற்ற எல்லா நிறுவனங்களும் சந்தேகத்துக்குரியவை என்று இதற்குப் பொருள் இல்லை. தரம் ஒரு சான்று. அதற்குமேல் நீங்களே வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பொறியியலுக்கு நாக் தரத்தைவிட முக்கியமாக நான் கருதுவது என்பிஏ எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம். அது நிறுவனத்துக்குத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் இயந்திரப் பொறியியலுக்கு இருக்கும், கணினி அறிவியலுக்கு இருக்காது. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது. பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்குமான முதல் அடுக்கில் என்பிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான் அந்த உடன்படிக்கையின் பயன் உண்டு. முக்கியமான விவரம்: ஒரு படிப்பு என்பிஏ அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே அதில் இரண்டு அணி மாணவர்களாவது பட்டம் பெற்று வெளியேறியிருக்க வேண்டும். இரண்டு வயதான வளாகத்தில் நான்காண்டுப் படிப்பில் இதுவரை ஒருவர்கூடப் பட்டம் பெற்றிருக்க முடியாது. ஆகவே அந்த வளாகத்தின் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு "என்பிஏ அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் முதன்மை வளாகத்தின் அங்கீகாரத்தை எடுத்து இங்கே ஒட்டுகிறார்.

படிப்புக்கான ஒப்புதல் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு விதம். பொறியியலுக்கு ஏஐசிடிஇ வழங்கும் ஒப்புதல் நீட்டிப்புக் கடிதத்தில் படிப்பின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கும். ஒரு நுணுக்கம் உண்டு: பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇ முன் அனுமதி தேவையில்லை என்றது. அந்த விலக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது என்று நான் மேலே சொன்ன 2017 தீர்ப்பு தெளிவுபடுத்தியது. எனவே உங்கள் மகளின் படிப்புக்கு அந்தக் கடிதத்தைக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சில், மருந்தியலுக்கு மருந்தியல் கவுன்சில், செவிலியத்துக்குச் செவிலியர் கவுன்சில், மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம். இங்கெல்லாம் ஒப்புதல் இல்லாத வளாகத்தில் படித்தால் பட்டம் கிடைத்தும் தொழில் பதிவு கிடைக்காது. வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகும் நாளில் இது தெரியவருவதைவிடக் கொடுமை வேறில்லை.

"படிப்பு மையம்", "கற்றல் மையம்" என்ற பெயரில் மாடிக் கட்டடத்தில் நடப்பவற்றைக் கிளை வளாகம் என்று எண்ண வேண்டாம். தனியார் பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்துவதை யுஜிசி வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகள் வேறு வகை: குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் உள்ள டீக்கின், வுல்லங்காங் போன்றவை அங்குள்ள நிதிச் சேவை மைய ஆணையத்தின் அனுமதியோடு இயங்குகின்றன, குருகிராமில் 2025இல் தொடங்கிய சவுத்தாம்ப்டன் வளாகம் யுஜிசியின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் வந்தது. அங்கேயும் அனுமதி அந்த வளாகத்தின் பெயரில்தான் இருக்கிறது.

மகள் பின்னாளில் வெளிநாடு போக நினைத்தாலும் இதே கேள்விகள் வரும். ஜெர்மனி தன் அனபின் தரவுத்தளத்தில் இந்திய நிறுவனங்களைப் பெயர்வாரியாகத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளிலும் பட்டத்தின் அங்கீகாரமும் இணைத்தன்மையும் சரிபார்க்கப்படும். பட்டத்தின் பெயரே யுஜிசி அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்க்கை அலுவலருக்கு அனுப்பிப் பயனில்லை, அவர் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு குறைவு. கடிதம் இப்படி இருக்கட்டும்: "இந்த முகவரியில் உள்ள தங்கள் வளாகத்தில், இந்தக் கல்வியாண்டில், இந்தப் பி.டெக். படிப்பில் என் மகளைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த வளாகத்துக்கான மத்திய அரசு அல்லது யுஜிசி அனுமதியின் எண்ணையும் தேதியையும், இந்தப் படிப்புக்கான இந்த ஆண்டின் ஏஐசிடிஇ ஒப்புதல் கடிதத்தையும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். தங்களின் தற்போதைய நாக் மதிப்பீட்டில் இந்த வளாகம் சேர்க்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும்." முகவரி, ஆண்டு, படிப்பு மூன்றையும் குறிப்பிட்டால் பொதுப்படையாக நழுவ முடியாது. கூடவே யுஜிசிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இணையவழியில் மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள் அவகாசம். சேர்க்கைக் கடைசித் தேதிக்குள் பதில் வராமல் போகலாம். ஆனாலும் போட்டு வையுங்கள், அந்தப் பதில் உங்கள் கையில் நிரந்தரச் சான்றாக இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இல் அறிவித்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்ப வேண்டும். கடைசித் தேதி கடந்து முப்பது நாள் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்தக் கடைசித் தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பணமாகக் கொடுக்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ரசீது வேண்டும், அறக்கட்டளையின் பெயரில் வேண்டாம்.

கலந்தாய்வு இடத்தை இப்போதைக்கு விடாதீர்கள். இணைப்புக் கல்லூரிகள் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது 2024இல் அம்பலமானதை நாம் பார்த்தோம். அங்கேயும் ஆசிரியர் பட்டியலையும் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். ஆனால் அங்கே பட்டம் தருவது யார், எந்த அதிகாரத்தில் என்ற கேள்விக்கு இடமில்லை. பதிவாளரிடமிருந்து அனுமதி எண்ணோடும் தேதியோடும் பதில் வந்து, அது யுஜிசி பட்டியலோடு பொருந்தி, ஏஐசிடிஇ கடிதத்தில் அந்தப் படிப்பும் இருந்தால், கிளை வளாகத்தில் தாராளமாகச் சேருங்கள். புதிய வளாகம் என்பது மட்டும் குறை ஆகாது. கலந்தாய்வில் இடத்தை உறுதிசெய்ய வேண்டிய நாள் வரை அந்தப் பதில் வரவில்லை என்றால், இணைப்புக் கல்லூரி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.